இயங்கு பொறியும் உறுப்புத் தெரிதலும்

வினையொன்று தொடங்குவார் அவ்வினைக்கு வேண்டுங் கருவிகளை முன்னரே ஆராய்ந்து கொள்ளல் வேண்டுமென்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அறிந்தவாறு ஒழுகுவார் சிலரே. கடையிற் கண்ணுக்கினியதாய்த் தோன்றுவதை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் அதற்கேற்ற வேலை யாதெனத் தேடுவாரே பலர். வீட்டிலிருந்தே இயங்கு பொறி சமைக்கப் புகும் இளைஞரிடத்து இவ்வியல்பு மிகுதியும் காணப்படும். சென்ற விடுமுறையில் யாம் அத்தகைய பொறியொன்று சமைக்க முற்பட்டு, அதன் உறுப்புக்களைத் தெரிந்தெடுத்த வரலாற்றை ஈண்டு ஒருசிறிது எடுத்துரைக்க விழைகின்றோம்.

தமிழ் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கு இப்பணி ஏற்குமோ என வினவுவார் உளராகலாம். அன்னார்க்கு யாம் கூறுவது இது: உதயணனைச் சிறைப்பிடித்த பொறி யானையைப் பெருங்கதையிற் கண்டோம், விசயையைச் சுமந்து வானிற் பறந்த மயிற்பொறியைச் சீவக சிந்தாமணியிற் கண்டோம். பொறி யென்னுஞ் சொல் எம் நூல்கட்குப் புதியதன்று. இந்நாளில் ரோபோ என வழங்குஞ் சொல்லோ, செக் மொழி ஆசிரியர் காரெல் சாப்பெக் என்பார் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகமொன்றிலிருந்து உலகெங்கும் பரவியது. அதற்கு மூலமாகிய செக் மொழிச் சொல் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் ‘வெட்டி’ யெனப் பயிலும் சொல்லின் பொருளும் அதனோடு ஒத்ததே. எனவே, இலக்கியம் பயில்வார் இப்பொருளைப் பேசுதல் வரம்பு கடந்த செயலாகாது.

இனி, யாம் இப்பணியை மேற்கொண்ட காரணத்தைக் கூறுதும். பாளையங்கோட்டையில் எம் அத்தையார் ஒருவர் தனித்து வாழ்கின்றார். முப்பதாண்டுக்கு மேலாகப் பள்ளியிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எமக்கு எழுத்தறிவித்தவரும் அவரே. ஈராண்டுக்கு முன்னர்த் தவறி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தமையால் அறுவைச் சிகிச்சை பெற்று, அதுமுதல் ‘வாக்கர்’ எனப்படும் நாற்கால் ஊன்றினைப் பற்றியே நடந்து வருகின்றார். நடத்தற்குத் தடையில்லை, சமைத்தற்குந் தடையில்லை. ஆயின், இரு கைகளும் ஊன்றினைப் பற்றியிருத்தலின், அடுக்களையிற் போட்ட காப்பியைத் திண்ணைக்குக் கொண்டுவர மூன்றாவது கை இல்லை. காலையும் மாலையும் துணைக்கு வரும் பெண் இல்லாத வேளைகளில் அடுக்களையிலேயே நின்றவாறு உண்பார். இதனினும் அவரை வருத்தியது பிறிதொன்று. வீட்டிற்கு வருவார்க்கு ஒரு வாய்த் தண்ணீரும் தம் கையாற் கொடுக்க இயலவில்லையே என்பதுதான் அது. நாளடைவில், யாரும் வரவேண்டா என்று அவர் சொல்லத் தலைப்பட்டமை கண்டு யாம் மனம் நொந்தோம்.

ஆகவே, யாம் சமைக்க விரும்பியது பேசும் பாவையன்று, பாடும் பாவையுமன்று. தட்டொன்றைத் தாங்கி, ஊன்றின் கைப்பிடியிற் பொருத்திய பொத்தான்களுக்கு அடங்கி, அத்தையார்க்கு முன்னோ பின்னோ மெல்ல உருண்டுவரும் பொறியே அது. கட்டளைப் பலகையையும் அதற்குரிய நிரலையும் பௌதிகம் பயிலும் எம் அறைத் தோழர் ஏற்றுக்கொண்டார். உருளை, அச்சு, மோட்டார், சட்டம் முதலிய இயந்திர உறுப்புக்களைத் தெரியும் பொறுப்பு எம்பாலதாயிற்று. செலவை அத்தையார் தம் ஓய்வூதியத்திலிருந்தே தருவேனென்று பிடிவாதமாகக் கூறிவிட்டமையால், ஒரு திருகாணியும் வீணாதல் கூடாதென்னும் அச்சமும் எம்மைப் பற்றிக்கொண்டது.

முதற்கண் யாம் செய்தது கடைக்குப் போதலன்று, வீட்டை அளத்தலே. அடுக்களையினின்று திண்ணை பதினொரு மீட்டர்த் தொலைவு. தரை மொசைக். இடையில் ஒரே ஒரு நிலைப்படி. உயரம் 2 சென்டிமீட்டர். அத்தையார் ஒரு மீட்டர் நடக்க ஐந்து விநாடி கொள்வர். எனவே பொறியின் வேகம் விநாடிக்கு 20 சென்டிமீட்டருக்கு மேற் போதல் வேண்டா. தட்டிலேறுஞ் சுமை தண்ணீர்ச் செம்பு, உணவு, மருந்துப் பெட்டி யெல்லாம் உட்பட 2 கிலோகிராம். பொறியின் சொந்த எடை 6 கிலோகிராமுக்குள் அடங்குமென மதித்தோம். ஆக 8 கிலோகிராம். இச்சில எண்களே பின்னர் எமக்கு வழிகாட்டிகள் ஆயின.

உருளையைத் தெரிதற்கண் அந்நிலைப்படியே எம்மைப் பெரிதும் அலைக்கழித்தது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையொன்று 2 சென்டிமீட்டர்ப் படியின் விளிம்பில் முட்டி நிற்கின்றது எனக் கொள்வோம். அவ்வுருளையின் அச்சினைக் கிடையாக இழுத்துப் படியேற்றுதற்கு, அதன்மேல் நிற்கும் பாரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கிற்கும் மேற்பட்ட விசை வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்பின் அது 4/3 மடங்காகும். விட்டம் 20 சென்டிமீட்டராயின் 3/4 மடங்கு போதும். மாட்டுவண்டிச் சக்கரங்கள் ஆளுயரத்தை யொட்டி அமைந்தமையின் காரணம் இப்பொழுது விளங்கிற்று. மேடுபள்ளம் மலிந்த வழியில் பெருஞ்சக்கரமே எளிதிற் செல்லும். ஆயின் சக்கரம் பெரிதாயின் அதனைச் சுழற்ற முறுக்குவிசை மிகுதியும் வேண்டும், பொறியும் உயரும், விலையும் உயரும். அன்றியும், முன்னிரண்டு உருளைகள் பெரியனவாயினும் பின்னே திரும்பு சக்கரம் சிறிதாயின், அது படியில் முட்டி நின்றுவிடும். ஒரு பொறி ஏறவல்ல உயரம் அதன் மிகச்சிறிய சக்கரம் ஏறவல்ல உயரமே என்பதை ஈண்டு உணர்ந்தோம்.

இரண்டு நாள் இக்கணக்கில் உழன்ற பின்னர், அயல் தெருவிற் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் இதனைக் கூறினோம். அவர் கணக்கொன்றும் பார்க்கவில்லை. “படி ஒண்ணுதானே தம்பி? ரெண்டு பக்கமும் சரிவாப் பலகை அடிச்சிட்டாப் போச்சே. உங்க அத்தையும் அந்தப் படியிலதானே காலைத் தூக்கி வைக்கணும்?” என்றார். யாம் வாயடைத்து நின்றோம். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆப்புப் பலகைகள் இரண்டினைத் தச்சர் ஒருவர் அன்று மாலையே செய்து பொருத்தினார். பத்துக்கு ஒன்றாகிய அச்சரிவில் பொறி ஏறுதல் எளிதாயிற்று. அத்தையாரின் ஊன்றும் தடையின்றிச் சென்றது. பொறியின் உறுப்புக்களைத் தேடி அலைந்த எமக்கு முதலிற் கிடைத்த நல்லுறுப்பு வீட்டோடு பொருந்தியதேயன்றிப் பொறியோடு பொருந்தியதன்று.

படி நீங்கவே, உருளை 10 சென்டிமீட்டர் போதுமென முடிவு செய்தோம். நைலான் உருளை மலிவாயினும் மொசைக் தரையில் ஓசை மிகும், வழுக்கவும் செய்யும். ஆகலின் ரப்பர் விளிம்புடையதையே கொண்டோம்.

அடுத்தது மோட்டார். மாணவர் பலர் முதலில் வாங்குவது மஞ்சள் நிறப் பெட்டியுள் பிளாஸ்டிக் பற்சக்கரம் அடங்கிய சிறு மோட்டாராகும். விலை சொற்பம், சென்னை ரிச்சி தெரு முதலாக எங்குங் கிடைப்பது. விளையாட்டு வண்டிக்கு அது நன்று. எம் பணிக்கு ஏற்குமோ என்பதைக் கணக்கினாலேயே காண்போம். 8 கிலோகிராம் பொறி பத்துக்கு ஒன்றாகிய சரிவில் ஏற 0.8 கிலோகிராம் விசை வேண்டும். தரையின் தடைக்கு ஏறத்தாழ 0.3 கூட்டினால் 1.1 ஆகும். புறப்படும்பொழுது வேண்டும் உந்துதலையும், யாம் அறியாத பிற தடைகளையும் கருதி இதனை இருமடங்காக்கினோம். இரண்டு மோட்டார்கள் பகிர்ந்துகொள்ளின், ஒவ்வொன்றன் பங்கும் 1.1 கிலோகிராம். உருளையின் ஆரம் 5 சென்டிமீட்டர் ஆதலின், வேண்டும் முறுக்குவிசை 5.5 கிலோகிராம்-சென்டிமீட்டர். மஞ்சள் மோட்டார் இதனருகிலும் வாராது.

இவ்விடத்து மாணவர் கருத்திற் கொள்ளத் தக்கதொன்று உண்டு. விற்பவர் சீட்டிற் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும் முறுக்குவிசை, மோட்டார் சுழலாது நின்றுவிடும் நிலையிற் காட்டும் விசையாகும். அந்நிலையில் அது மின்சாரத்தை அளவின்றி உறிஞ்சிச் சிறிது நேரத்திற் கருகிவிடும். ஒருவன் தன் ஆற்றல் முழுதுஞ் செலுத்தித் தூக்கவல்ல மூட்டையை நாள்முழுதுஞ் சுமப்பான் என்று கருதுதல் பேதைமையன்றோ? அதுபோலவே இதுவும். யாம் சீட்டிற் கண்ட எண்ணில் நான்கில் ஒரு பங்கினையே நம்பத்தக்கதெனக் கொண்டோம். எனவே, 22-க்குக் குறையாத எண்ணுடைய மோட்டாரைத் தேடினோம். வேகத்தின் கணக்கு எளிது. உருளையின் சுற்றளவு 31.4 சென்டிமீட்டர், விநாடிக்கு 20 சென்டிமீட்டர் செல்ல, நிமிடத்திற்கு 38 சுற்று வேண்டும். சுமையேறியவழி வேகங் குறையுமாதலின், 60 சுற்றுடைய, உலோகப் பற்சக்கரங்கொண்ட 12 வோல்ட்டு மோட்டார் பொருந்துவதாயிற்று.

ஆயினும் ஒரு பெரிய ஐயம் எஞ்சி நின்றது. பழைய மோட்டார் வண்டிகளிலிருந்து கழற்றி விற்கும் கண்ணாடித் துடைப்பான் மோட்டார் மிக்க வலிமையுடையது, விலையுங் குறைவு. அதனுள்ளிருப்பது புரிப்பல் அமைப்பு. மோட்டார் உருளையைச் சுழற்றலாம்; உருளை மோட்டாரைச் சுழற்றல் பெரும்பாலும் இயலாது. ஆகவே மின்சாரம் நின்றால் பொறி நின்ற இடத்திலேயே ஆணியடித்தாற்போல் நிற்கும். சரிவிற் பின்னோக்கி உருளாது. இது பெருநன்மையெனத் தோழர் வாதித்தார். யாம் வேறு கருதினோம். அத்தையார் அடுக்களைக்குள் நிற்க, மின்கலம் தீர்ந்து பொறி வாயிலை அடைத்துக்கொண்டு நின்றதாயின் அவர் நிலை யாதாகும்? எட்டுக் கிலோகிராம் பொறியைத் தூக்கி அகற்றல் அவரால் இயலாது. தாண்டி வருதலும் இயலாது. மறுபடி தவறி வீழ்வாராயின், அவ்விடுப்பு இன்னொரு முறிவினைத் தாங்காதென மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். உதவுதற்கென்று செய்த பொறியே அவரைச் சிறைப்படுத்துதல் தகுமோ? எனவே, ஊன்றினாலே மெல்லத் தள்ளினும் விலகிச் செல்லத்தக்க நேர்ப்பற் சக்கர மோட்டாரையே தெரிந்தோம். வலிமை மிக்கதே சிறந்தது என்னும் எண்ணம் எம்மைவிட்டு அன்றே நீங்கிற்று. தோழரும் ஒருநாள் சென்றபின் உடன்பட்டார்.

மோட்டார் நல்லதாயினும் அதன் தண்டு மெல்லியது, 6 மில்லிமீட்டரே. பொறியின் பாரத்தை அதன்மேல் ஏற்றலாகாது. மோட்டாரின் கடன் சுழற்றுதல். பாரந்தாங்குதல் அச்சின் கடன். மென்மையாகிய மயிற்பீலியையும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியுமெனத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திற் கூறியதை வகுப்பில் எத்துணை முறை படித்திருக்கின்றோம்! அச்சென்பது முறியக்கூடிய பொருளென்பதை யாம் கையால் உணர்ந்தது இம்முறையே. ஆகவே, ஒவ்வோர் உருளைக்கும் தனியே 8 மில்லிமீட்டர் எஃகு அச்சமைத்து, அதனை இரண்டிரண்டு பேரிங்குகளில் தாங்கவைத்தோம். சறுக்குப் பலகைகளிற் பயன்படும் 608 என்னும் எண்ணுடைய பேரிங் இதற்கு மிகப் பொருத்தமுடையது. உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். எங்கும் மலிவாகக் கிடைக்கும். மோட்டார்த் தண்டினையும் அச்சினையும் இணைப்பானொன்றாற் கூட்டினோம். இணைப்பானை இறுக்குஞ் சிறு திருகாணி அதிர்ச்சியால் தளர்வதாகலின், தண்டின் தட்டையான பக்கத்தில் அது பதியுமாறு வைத்துப் புரிகளிற் பசையிட்டு முடுக்கினோம்.

சக்கரங்கள் எத்தனை வேண்டும், எங்ஙனம் வைத்தல் வேண்டும் என்பது அடுத்த வினா. பிரிஸ்டல் நகரில் மூளையின் இயல்பை ஆராய்ந்த கிரே வால்ட்டர் என்பார் 1948, 1949-ஆம் ஆண்டுகளில் சமைத்த ‘ஆமைகள்’ மூன்று சக்கரங்களால் ஊர்ந்தன. பழங்கடிகாரங்களின் பற்சக்கரங்களையும் அவர் அவற்றிற் பயன்படுத்தினார் என்பது எம்மனோர்க்கு ஊக்கந்தருவதாகும். முக்காலி எத்தரையிலும் ஆடாது நிற்கும். நாற்காலியோ ஒருகால் உயர்ந்து ஆடும். மூன்று சக்கரத்தின் சிறப்பு இதுவே. ஆயின் மூன்று சக்கரம் பக்கவாட்டிற் கவிழ்தற்கு இடந்தரும். இரண்டன் நலனையும் ஒருங்கே பெறுவது எங்ஙனம்? பின்னிரண்டு திரும்பு சக்கரங்களையும் ஒரு குறுக்குச் சட்டத்திற் பொருத்தி, அச்சட்டத்தை நடுவில் ஓர் ஆணியால் மட்டும் பொறியோடு பிணைத்தோம். அது துலாக்கோல்போல் இருபுறமுஞ் சிறிது சாயும். மிகச் சாயாதபடி இருபுறமும் தடைக்கட்டைகள் உண்டு. ஆதலின் நான்கு சக்கரமும் எப்பொழுதுந் தரையைத் தொட்டே நிற்கும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திங்கள் மண்டிலத்தில் இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தியும், தன் ஆறு சக்கரங்களுந் தரையினின்று நீங்காவண்ணம் அசையுஞ் சட்டங்களையே கொண்டிருந்தது. கருத்து ஒன்றே, அது சந்திரனிற் சென்றது, இஃது அடுக்களையிற் செல்கின்றது.

மின்கலத்தைத் தெரிதற்கண்ணும் ஒரு வியப்பு நேர்ந்தது. லித்தியம் கலம் எழுநூறு கிராம் அளவே. பழைய ஈயக் கலமோ இரண்டரைக் கிலோகிராம். எடை குறைந்ததே நன்றென்று எவருங் கூறுவர். ஆயின், அத்தையார் குனியாமல் எடுக்கவேண்டித் தட்டினை 70 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தோமாதலின், சுமையேறியபொழுது பொறி தலைகனத்து நின்றது. ஈயக் கலத்தை அடித்தளத்தில் வைத்துக் கணக்கிட்டவழி, எடை மையம் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. லித்தியமாயின் 35-க்கு ஏறிவிடும். பாரமாகிய குற்றமே ஈண்டுக் குணமாயிற்று. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தார் 1966 முதல் 1972 வரை உழைத்துச் சமைத்த பெயர்பெற்ற பொறிக்கு, அது செல்லும்பொழுது நடுங்கியமையால் ‘ஷேக்கி’ யெனப் பெயரிட்டனர். சிந்தனை வல்ல பொறிக்கு அது குறையன்று. காப்பி சுமக்கும் பொறியோ நடுங்கலாகாது.

சட்டத்திற்குக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகை அழகுடையதாயினும், துளையிட்ட இடத்தில் விரிசல் காண்பது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டும் அலுமினியக் கோணச் சட்டமுமே கொண்டோம். திருகாணிகள் அனைத்தையும் ஒரே அளவினவாகத் தெரிந்தோம். ஒரு திருகுகோலே எல்லாவற்றிற்கும் போதும். யாம் கல்லூரிக்குத் திரும்பிய பின்னர்ப் பழுது நேரின், சைக்கிள் கடை அண்ணாச்சியே கழற்றிப் பூட்டலாம். உப்பு வாணிகர் தம் வண்டியின் கீழ்மரத்திற் சேம அச்சொன்றைக் கட்டிச் சென்றமையைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக எடுத்தாண்டுள்ளார். அதனை நினைந்து, மோட்டார் ஒன்றும் இணைப்பான் ஒன்றும் மிகுதியாக வாங்கிப் பொறியின் அடியிலேயே கட்டிவைத்தோம். இச்செலவு வேண்டாவென்று தோழர் கூறினார். முதியவர் ஒருவர் தனித்து வாழும் வீட்டில் இச்செலவே முதற்செலவு என்பது எம் கருத்து.

பொறி முடிந்த மறுநாள் அத்தையார் தாமே காப்பி போட்டு, தாமே தட்டில் வைத்து, பொத்தானை அழுத்தித் திண்ணை வரையிற் கொண்டுவந்தார். மூன்று குவளைகள் இருந்தன. ஒன்று எமக்கு, ஒன்று தோழர்க்கு, மற்றொன்று அண்ணாச்சிக்கு. தமக்கென்று அவர் கொண்டுவரவில்லை. “ஐயா, எனக்கு அப்புறம் ஆகட்டும், வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுத்து ரெண்டு வருசமாச்சு” என்று கூறிப் புன்னகை புரிந்தார். மூன்று குவளையிலும் ஒரு துளியுஞ் சிந்தியிருக்கவில்லை.

நண்பர்களே! இயங்கு பொறி செய்ய விரும்புவீராயின், உறுப்புக்களின் பட்டியலைக் கையிலெடுத்துக் கடைக்கு ஓடாதீர். அப்பொறி யாருக்காக, எத்தரையில், எவ்வளவு சுமந்து, எவ்வளவு விரைவிற் செல்லவேண்டுமென்பதை முதலில் அளந்து எழுதுக. அது பழுதுற்று நின்றவழி அருகிலிருப்பவர் யாது செய்வரென்பதையும் உடன் எழுதுக. எழுதி முடித்தபின் எண்களே உமக்கு உருளையையும் மோட்டாரையும் அச்சினையும் தெரிந்து கொடுக்கும். எண்களாற் கூடாதவற்றை உங்கள் தெருவிலுள்ள சைக்கிள் கடையிலும் தச்சுப் பட்டறையிலும் சென்று கேளுங்கள். அங்கே பயின்றவர் பலர் உளர்; கேட்பார்க்கு மறுப்பாரும் இலர். வரும் விடுமுறையில், அத்தையார் விரும்பியவாறு, தட்டின் விளிம்பைச் சிறிது உயர்த்தித்தர எண்ணியுள்ளோம். துணைவர வல்லார் எம் விடுதி அறைக்கு வருக.